தலைகீழாய் நடந்த லயம்

பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டி, அதில்தான் அவளை உட்காரவைக்க வேண்டும். தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தபோது எங்கள் ஆட்கள் மறக்காமல் கொண்டுவந்த வழக்கங்களில் இதுவும் ஒன்று. குச்சு கட்டுவதற்கான இடத்தை மட்டும் அவர்களால் கொண்டுவர முடியவில்லை. அலோர் காஜா சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் ஒன்றோடொன்று தோளுரசிக்கொண்டு நின்றன. களத்தில் ஓலை வேய்ந்தால் தீப்பிடிக்கும் என்று துரை பிடுங்கச் சொல்லிவிடுவார். ஆகவே நான் பெரியவளானபோது என் மாமா, லயத்தின் கடைசியில் இருந்த எங்கள் வீட்டு விறகறையைக் காலி செய்தார். ஒப்புக்கு நாலு தென்னங்கீற்றைக் கதவுநிலையில் செருகினார். அதையே குச்சு என்று சொல்லிவிட்டார்.

மாமா எதையும் திருத்தமாகச் செய்கிறவர். ஆண்கள் கண்ணில் நான் படக்கூடாது, காற்றுக் கருப்பு அண்டக்கூடாது என்று ஜன்னலுக்குச் சாக்கு அடித்தார். பலகை இடுக்குகளில் ஒட்டுப்பாலைத் திணித்தார். மரத்தில் பால் வெட்டிய கோட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் அது; தோட்டத்தில் ஒழுகுகிற எதையும் அதைக் கொண்டுதான் அடைப்பார்கள். கதவைச் சாத்தினால் என் கையே எனக்குத் தெரியவில்லை. ஆனால் களத்தைப் பார்த்த பலகையில், கணு உதிர்ந்துபோன இடத்தில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதை மாமா கவனிக்கவில்லை.

பிந்திச் சேர்த்ததால் நான் அப்போது பன்னிரண்டு வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த பெண்பிள்ளை அங்கே நான் ஒருத்திதான். எதற்கும் கவலைப்படுகிற சுபாவம் எனக்கு அப்போதே உண்டு. நான் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது வாத்தியார் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால்? முன்வரிசையில் என் இடத்தை யாருக்காவது கொடுத்துவிட்டால்? துணைக்கு இருந்தது அத்தை, அப்பாவின் அக்கா. அவரிடம் கேட்டேன்.

“எப்ப அத்தை நான் பள்ளிக்கூடம் போறது?”

“மொதல்ல அந்தக் களிய முழுங்குடி. பள்ளிக்கூடம் எங்க ஓடிப்போவுது?”

பள்ளிக்கூடம் ஓடிப்போகவில்லை என்பது உண்மைதான். நான் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது அங்கேயேதான் இருந்தது.

முதல் நாள் உச்சிவேளையில், எதிர்ச்சுவரில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. அதற்குள் ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தேன். கால்கள் மேலே, தலைகள் கீழே, ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். களத்துச் செம்மண் கூரைபோல மேலே இருந்தது. வானம் தரையில் கிடந்தது. எனக்கு மயக்கம் வந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். கடைசியில், என் தீட்டுப் பட்டுத்தான் லயமே கவிழ்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். அதுதான் இருப்பதிலேயே மோசமான நினைப்பு. ஆகவே அதையே நம்பினேன்.

பால் எடுத்துக்கொண்டு பெண்கள் திரும்புகிற நேரம் அது. மங்கலான அந்த உருவங்களில் அம்மாவின் மஞ்சள் சேலையை மட்டும் கண்டுகொண்டேன். தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் வாளி. இரண்டும் கவிழ்ந்து நின்றன. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பால் சிந்தினால் நிறுக்கிற இடத்தில் கணக்கெழுதும் கிராணி எல்லார் முன்னாலும் ஏசுவார். அம்மா சுவரின் ஓரத்துக்குப் போய் மறையும்வரை நான் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைப் பார்க்க உள்ளே வந்தார். நேராகத்தான் வந்தார். நான் அவருடைய பாதங்களைப் பார்த்தேன்.

“என்னடி காலப் பாக்குற?”

“பால் சிந்துச்சாம்மா?”

“நல்ல வாய் வெச்ச போ! ஏன் சிந்தணும்?”

இதன் காரணம் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. என் மகள் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது, காலில் போடும் சப்பாத்து வாங்கிய பெட்டியில் ஊசியால் துளை போட்டு, பின்பக்கம் எண்ணெய்த் தாள் ஒட்டி, மெழுகுவர்த்தியைக் காட்டினாள். சுடர் தாளில் தலைகீழாக நின்றது. “ஒளி நேர்கோட்டுலதாம்மா போகும், வளையாது” என்றாள். தலையிலிருந்து வருகிற ஒளி துளை வழியாகச் சாய்ந்து கீழே போய் விழும். காலிலிருந்து வருவது மேலே போய் விழும். இடது வலமாகும், வலது இடமாகும். அவ்வளவுதான் விஷயம். எண்ணெய்த் தாளையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததால், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

விறகறையில் எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. மறுநாள் அத்தை என் கண் போன திக்கில் தானும் பார்த்துவிட்டு, களிச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு அலறினார். மாமா சுத்தியலோடு ஓடிவந்தார்.

“தல கீழ, காலு மேல போவுதுய்யா எல்லாம்! உன் பொண்டாட்டியும் போனா, நானே பாத்தேன்.”

“அவ நேரா நடந்து நான் எங்க பாத்தேன் அண்ணி?”

“சிரிக்காதய்யா. வயசுக்கு வந்த புள்ள ஒக்காந்திருக்கிற எடம். ஹந்து கிந்து எதுவோ, மொதல்ல அடைச்சிட்டுப் போ.”

மாமா மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றைத் தட்டிச் சப்பையாக்கி, களத்துப் பக்கமிருந்து ஓட்டையின் மேல் வைத்து அடித்தார். பிசாசை அடைக்கிற அவசரத்தில் முதல் ஆணியைத் தகரத்தின் நட்டநடுவில் அறைந்தார். பின்னால் பலகை இல்லாததால் ஆணி தகரத்தைத் துளைத்துக்கொண்டு ஓட்டைக்குள் ஆடியது. அதைப் பிடுங்கி நாலு மூலையிலும் ஒழுங்காக அடித்துவிட்டு, “இனிமே எமன் வந்தாலும் நொழைய முடியாது” என்று சொல்லிக்கொண்டே போனார். அத்தையும் நிம்மதியாக உலை வைக்கப் போனார்.

நடுவில் பிடுங்கிய ஆணியின் துளையை இருவருமே பார்க்கவில்லை.

அதன் வழியாக விழுந்த படத்தில் முன்னைவிட வெளிச்சம் குறைவு. ஆனால் கோடு கிழித்த மாதிரித் தெளிவாக இருந்தது. பெரிய ஓட்டை என்பது பல சிறு துளைகள் சேர்ந்தது, ஒவ்வொன்றும் தன் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடும், அதனால்தான் எல்லாம் கலங்கித் தெரியும் என்று மகளின் புத்தகத்தில் இருந்தது. மாமா தன்னை அறியாமல் அந்தக் கலங்கலைத் தீர்த்துவைத்திருந்தார். நேற்றுவரை சேலை நிறம்தான் தெரிந்தது. இப்போது மூக்கு தெரிந்தது, நடை தெரிந்தது, இன்னார் என்று தெரிந்தது. அத்தையிடம் சொன்னால் அடைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பாவம் வருமோ என்று பயம். பாவம் மெதுவாக வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டொரு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வெள்ளைக் கோட்டும் கறுப்புக் குடையுமாக ஓர் ஆள் சுவரில் தலைகீழாக நடந்து வந்தார். எங்கள் வாத்தியார்.

தீட்டு வீடு என்பதால் அப்பா அவரை உள்ளே கூப்பிடவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. களத்தின் நடுவிலேயே, கொளுத்துகிற வெயிலில் இருவரும் நின்றார்கள். அந்த வெயிலால்தான் எனக்கு எல்லாமே அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது. பேச்சுத்தான் கேட்கவில்லை; பாலை ரப்பர்த் தகடாக்குகிற பால் ஸ்டோரில் மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வாத்தியார் எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். சுவரில் அது வேறு திக்கில் போயிற்று. பிறகு சின்னப் பிள்ளைகளின் உயரத்தைக் காட்டுவதுபோலக் கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். அப்பா தரையைப் பார்த்தார். அவர் பார்த்த தரை எனக்கு மேலே இருந்தது. கடைசியில் அப்பா இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். கைகளை உடனே இறக்கவில்லை. வாத்தியார் குடையைக் கைமாற்றிக்கொண்டு, சுவரின் அந்தப் பக்கமாக நடந்து மறைந்தார்.

அப்பா கதவுக்கு வெளியே வந்து நின்றது கேட்டது.

“புள்ள சாப்புட்டுச்சாக்கா?”

“சாப்புட்டா. ஏன் தம்பி மொகம் ஒரு மாதிரியா இருக்கு?”

நான் உள்ளேயிருந்து கேட்டேன்.

“அப்பா, வாத்தியாரு என்ன சொன்னாரு?”

“அவரு வந்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“செவுத்துல பாத்தேன்.”

அத்தை வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொன்னார். அப்பா கதவோரம் குனிந்து சொன்னார்.

“நல்லாப் படிக்கிற புள்ளன்னு சொன்னாரும்மா.”

அவர் பொய் சொல்லவில்லை. வாத்தியார் அதையும்தான் சொல்லியிருக்கிறார். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அம்மா மீதியைச் சொன்னார். இன்னும் இரண்டு வருஷம் அனுப்புங்கள், அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு நானே கிராணியிடம் பேசுகிறேன் என்று வாத்தியார் கேட்டாராம். பெரியவளான பெண்ணை ஆம்பளைப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று அப்பா சொன்னாராம். “அவரு மொகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்ல ஒங்கப்பாவுக்கு நாக்கு வரலடி” என்று சொல்லிவிட்டு அம்மா கல்லைத் தூக்கிப் போட்டார்.

அன்றைக்கு விறகறையில் இருந்த எனக்கு, கும்பிடுவது என்றால் கேட்பது என்று மட்டும்தான் தெரியும். சாமியிடம் கேட்கும்போது கும்பிட்டார்கள், வேலை வாங்குகிற தண்டலிடம் லீவு கேட்கும்போது கும்பிட்டார்கள். மறுக்கிறவர்களும் கும்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. முன்வரிசை இடத்தை எனக்காக விட்டுவைக்கும்படி அப்பா கெஞ்சிக் கேட்டிருக்கிறார், வாத்தியாரும் சரி என்று போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு ஒரு கவலை தீர்ந்தது, அடுத்தது பிடித்துக்கொண்டது. திரும்பிப் போனதும் வாத்தியார் கேள்வி கேட்டால்?

சுவரில் படம் மங்கி அணையும்வரை பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாக ஒப்புவித்தேன். தவறிய இடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். எப்போதும் ‘வாய மூடுடி’ என்கிற அத்தை, அன்று கதவுக்கு வெளியே உட்கார்ந்து, நான் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.