தொடக்கூடாத காசு

அந்த ஜூன் மாதம் நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாகவே நினைவில்லை. பூந்தமல்லியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் மொட்டை மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். கையில் போன், போனில் பவுண்டின் விலை. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. பவுண்டு கொஞ்சம் ஏறினால் போதும், நான் போகப்போகிற ஊரில் எனக்கு ஒரு வாரச் சாப்பாடு குறைந்துவிடும். பல் துலக்கும்போதுகூட அதையே பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு எரிச்சல்.

"நீ பாத்துகினே இருந்தா எறங்கிடுமா அது?" என்பாள்.

இறங்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் பார்க்காமல் இருந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஏறிவிடுமோ என்று பயமாக இருந்தது.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. இனிப்பெல்லாம் வாங்கிக் கொடுத்துத் தீர்த்த பிறகுதான் இடம் கிடைப்பது எவ்வளவு சின்ன வேலை என்று புரிந்தது. படிப்புக் கட்டணமும், அங்கே தங்கிச் சாப்பிட இவ்வளவு ஆகும் என்று அந்த நாட்டு அரசாங்கம் சொல்கிற தொகையும் சேர்ந்து வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். பெற்றோர் கணக்கில் இருந்தாலும் சரி. ஆனால் தொடர்ந்து நாலு வாரம், ஒரே ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே இறங்காமல் கிடக்க வேண்டும். அப்போதுதான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவுக்கு டிரங்க் ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடை. ஆட்டோ, வேன், எப்போதாவது ஒரு கார். மெட்ரோ வேலைக்காகக் கடை வாசலில் தகரத்தை அடைத்த பிறகு வண்டிகள் நிற்க இடமில்லாமல் போய்விட்டது. கல்விக் கடன் வாங்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். வட்டி எங்கள் மார்க்கத்தில் கூடாது என்பதால் அத்தா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். வீடு கட்டலாம் என்று கோவில்பதாகையில் வாங்கிப் போட்டிருந்த மனையை ஜனவரியில் விற்றார். அம்மாவின் வளையல்கள் போயின. அம்மாவின் அண்ணன், என் மாமு, கைமாற்றாகக் கொஞ்சம் கொடுத்தார்.

செலவுக் கணக்குப் போட்டவள் நான். வாடகை, பஸ், குளிர் கோட்டு, போன் எல்லாம் எழுதிக் கூட்டினேன். கூட்டுத்தொகை கையில் இருப்பதற்குள் அடங்கவில்லை. வாடகையைக் குறைக்க என்னால் முடியாது, கட்டணத்தைக் குறைக்கவும் முடியாது. எனவே சாப்பாட்டைக் குறைத்தேன். அந்தக் கணக்கின்படி லண்டன் பக்கம் ஒரு வீட்டில் நான் ஒன்றரை வேளை சாப்பிட்டுக்கொண்டு மிகவும் சந்தோஷமாக இருப்பேன். கடைசியில் எல்லாம் பொருந்தியது. மயிரிழைதான் மிச்சம், ஆனாலும் பொருந்தியது.

நாலு வாரம் முடிந்ததும் வங்கியில் ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டு அத்தாவும் நானும் முகப்பேருக்குப் போனோம். அங்கே விசா வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு கன்சல்டன்சி இருந்தது. அங்கிருந்த பெண் தாளில் பேனாவை ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"சார், இங்க பாருங்க. ஜூலை ஆரம்பத்துல பணம் எடுத்திருக்கீங்க. பேலன்ஸ் கீழ போயிடுச்சு. இது செல்லாது. திரும்ப முதல்லேருந்து நாலு வாரம்."

நான் அத்தாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சமும் பதறாமல் தாளை எட்டிப் பார்த்தார்.

"அது வட்டிம்மா" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அத்தா பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டு வருவார். வட்டி என்று விழுந்திருக்கும் வரிகளை மட்டும் கூட்டுவார். அந்தத் தொகையைப் பைசா பாக்கியில்லாமல் எடுத்து, கஷ்டப்படுகிற யாருக்காவது கொடுத்துவிடுவார். அதை நாங்கள் தின்னக்கூடாது, கொடுத்ததற்கு நன்மையும் எதிர்பார்க்கக்கூடாது. மனை விற்ற காசு ஜனவரியிலிருந்து கணக்கில் கிடந்ததால் இந்த முறை வட்டி பெரிதாக இருந்தது. பின் தெருவில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவரின் வீட்டில் கொடுத்திருக்கிறார். நானோ மார்ச்சில் விழுந்த வட்டியையும் சேர்த்தே மொத்தத்தையும் எங்கள் காசு என்று எண்ணிக் கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "வேற வழி இருக்கு சார். ஒரு பார்ட்டி இருக்காங்க. நாலு வாரம் பணத்தை உங்க கணக்குல போட்டு வைப்பாங்க. ஒரு பர்சன்டேஜ் கொடுத்தா போதும்."

"அது இன்னாது? வட்டிதானே?"

"இல்ல சார், சர்வீஸ் சார்ஜ்."

அத்தா சிரித்துவிட்டு எழுந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழி நெடுகக் கத்தினேன். மெட்ரோ வேலை இரைச்சலில் பாதிதான் அவருக்குக் கேட்டிருக்கும். அதனால் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கத்தினேன்.

"நாலு வாரம் காசைத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. நம்ம காசைத் தொடக்கூடாதுன்னு சொன்னே. நான் அதைத் தொடலையேம்மா. கணக்குல கீதுன்றதால அந்த வட்டியும் நம்மளுதாயிடுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

மறுநாள் காலை வங்கி திறந்ததும் அவர் போய், எடுத்த அளவுக்குப் பணத்தைத் திரும்பக் கட்டினார். போதாதென்று பவுண்டு ஏறினால் சமாளிக்க இன்னும் கொஞ்சமும் சேர்த்துக் கட்டினார். அது கடையில் ரெக்சின் வாங்க வைத்திருந்த காசு. நாலு வாரம் மறுபடி தொடங்கியது. விசாவுக்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கெடு அது முடிந்த மூன்றாம் நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான், அதுவும் கூடுதல் கட்டணத்தோடு. அடுத்த வருடம் விற்க எங்களிடம் மனை இல்லை.

இரண்டாவது வாரத்தில் கடையிலிருந்த தையல் மெஷின் நின்றுபோனது. தடித்த ரெக்சினைத் தைக்கிற பெரிய மெஷின் அது ஒன்றுதான். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதற்குச் செலவழிப்பதற்குப் பழைய மெஷின் ஒன்று வாங்கிக்கொள்வது மேல் என்றார். கணக்கில் லட்சக்கணக்கில் கிடந்தது. அதில் ஒரு ரூபாயை எடுக்க முடியாது. மாமுவிடம் இன்னொரு முறை கேட்கவும் அத்தாவுக்கு முகமில்லை.

இரண்டு நாள் கடையைத் திறந்து சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை டிபன் பாக்ஸ் கேட்டார். அம்மா எதற்கு என்றாள்.

"அம்பத்தூர் எஸ்டேட்ல தெரிஞ்சவரு பட்டறை ஒண்ணு கீது. சீட் தைக்க ஆள் வேணுமாம். மெஷின் வாங்கற வரைக்கும் போய்னு வரேன்."

முப்பது வருடமாகச் சொந்தக் கடை வைத்திருந்தவர் அம்பத்தூருக்குக் கூலிக்குப் போனார். அந்த நாட்களில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு மாடிக்குப் போய்விடுவேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, வெட்கமாக இருந்தது. பவுண்டு இறங்கியது, ஏறியது. தினமும் காலையில் எழுந்ததும் இருப்பு அப்படியே இருக்கிறதா என்று அத்தாவின் போனை வாங்கிப் பார்ப்பேன். யார் எடுக்கப்போகிறார்கள்? இருந்தாலும் பார்ப்பேன்.

நாலு வாரம் முடிந்த காலை இருவரும் வங்கிக்குப் போனோம். ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு நாளும் இறங்கவில்லை. வெளியே வந்ததும் அத்தா சட்டைப் பையிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்தார்.

"இப்ப எடுக்கலாமாம்மா? மெஷினுக்கு மட்டும்தான். பழசு ஒண்ணு பாத்து வெச்சிகீறேன். நீ கெளம்பறதுக்குள்ள தெச்சு சம்பாரிச்சு திருப்பிக் கட்டிடுவேன்."

விசா கைக்கு வரும்வரை எப்போது வேண்டுமானாலும் கணக்கை மறுபடி கேட்பார்கள் என்று கன்சல்டன்சிப் பெண் சொல்லியிருந்தாள். தன் காசை எடுக்க என்னிடம் அனுமதி கேட்டு நிற்கிற அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"இன்னும் வேணாம் அத்தா. விசா வர்ற வரைக்கும்."

"சரி" என்று கார்டைப் பையில் போட்டுக்கொண்டு அம்பத்தூர் பஸ்ஸுக்குப் போனார்.

அன்றே விண்ணப்பித்த விசா செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது. அத்தா பட்டறையில் இருந்தார். உடனே போன் செய்தேன். பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம்.

"விசா வந்துடுச்சு அத்தா. இனிமே நீங்க காசை எடுக்கலாம்."

"இனிமே எதை எடுக்கறது? மொத்தமும் உன் படிப்புக்குப் போவணுமே" என்றார் சாதாரணமாக.

கணக்குப் போட்டவளே நான்தான். அதில் மெஷினுக்கு என்று ஒரு வரியும் நான் எழுதவில்லை.

"என்னிக்குக் கெளம்பறேன்னு சொல்லும்மா" என்றார் அத்தா. "மொதலாளிகிட்ட அன்னிக்கு லீவு கேக்கணும்."