படகுக்கு மாற்றாக வந்த துப்பாக்கி

இந்தியானாவின் வடக்கே, சோளக்கொல்லைகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே எரிவாயு லாரி ஓட்டிய வெர்ன் ஸ்டக்கி அவசரப்பட்டு எதையும் வாங்குகிறவர் அல்லர். புல் வெட்டும் இயந்திரம் வாங்க இரண்டு கோடைக்காலம் யோசித்தவர். அதற்குள் புல் இடுப்பளவு வளர்ந்து, மானம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரரே வந்து வெட்டிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட நிதானஸ்தர் ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பொருட்காட்சி மைதானத்தில் நடந்த துப்பாக்கிச் சந்தைக்குப் போனார். சந்தை முடிந்ததும் ஏரிக்குப் போகும் எண்ணத்தில் மீன்பிடிப் படகையும் தன் சொந்தச் சிறு லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருந்தார். வண்டி நிறுத்துமிடத்திலேயே முன்பின் தெரியாத ஒருவனிடம் அந்தப் படகைக் கொடுத்துவிட்டு, பழைய கம்பளியில் சுற்றிய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். ஏன் வாங்கினார் என்று அன்று மாலை அவருக்கே விளங்கவில்லை.

மனைவி டார்லாவுக்கும் விளங்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் டார்லாதான் அந்தப் படகில் பெரிய மீன்களையெல்லாம் பிடிப்பவள். வெர்ன் பிடிப்பது பெரும்பாலும் பாசி.

"இது என்ன?" என்றாள்.

"ஜெர்மன் துப்பாக்கி. ரெண்டாம் உலக யுத்தத்துல இருந்தது."

"எங்க செஞ்சது? யாரு வச்சிருந்தது? இங்க எப்படி வந்துச்சு?"

"அதெல்லாம் இனிமேதான் பார்க்கணும்."

"படகைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பார்த்திருக்கலாமே."

வெர்ன் நியாயத்தை மறுப்பவர் அல்லர். தலையாட்டினார்.

"சரி, கேட்டுக்கோ. அக்டோபர்ல மறுபடி சந்தை வருது. அதுக்குள்ள இது என்னன்னு ஒரே வரியில எனக்குச் சொல்லு. சொல்லிட்டா செவுத்துல மாட்டிக்கோ, நான் வாயே திறக்கமாட்டேன். முடியலன்னா அங்கயே வித்துட்டுப் படகோட வீட்டுக்கு வரணும். அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம்னு இழுக்கக் கூடாது."

ஒரு வரிதானே என்று வெர்ன் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியைக் கிடத்தி டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் அந்த வரியின் நீளம் தெரிந்தது. ஜெர்மன் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் துப்பாக்கியில் குழல், தோட்டாவை உள்ளே தள்ளும் தாழ், தோளில் அண்டக்கொடுக்கும் மரக்கட்டை, விரல் இழுக்கும் குதிரையைச் சுற்றிய வளையம் என்று எல்லா உறுப்பிலும் ஒரே எண் பொறித்திருப்பார்கள். இந்தத் துப்பாக்கியிலோ குழலில் ஓர் எண், தாழில் வேறு எண். கட்டையில் இருந்த எண்ணுக்கு இரண்டோடும் பேச்சுவார்த்தை இல்லை. வளையத்தின் எண் தூரத்து உறவாகக்கூடத் தெரியவில்லை.

ஊரில் இதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருந்தது. சனிக்கிழமைதோறும் நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில், பழந்துப்பாக்கிச் சங்கத்தின் இரு தூண்களும் காலை உணவுக்குக் கூடுவார்கள். ஒருவர் கிளிஃப் ஓபர்ஹோல்சர், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பவர். மற்றவர் டுவேன் பல்வர், காப்பீட்டு முகவர். இருவரும் முப்பது வருட நண்பர்கள். அதாவது எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை.

வெர்ன் லாரியின் பின்கதவை இறக்கித் துப்பாக்கியை வைத்தார். நீதிபதிகள் ரொட்டியும் பன்றிக்கறிக் குழம்பும் நிறைந்த தட்டோடு வெளியே வந்தார்கள்.

"ரஷ்யாக்காரன் வேலை," என்றார் கிளிஃப். "ஜெர்மன்காரன்கிட்டேர்ந்து பிடிச்ச துப்பாக்கியெல்லாம் கழட்டி மலை மாதிரி குவிச்சான். கைக்கு வந்த உறுப்பைக் கைக்கு வந்த துப்பாக்கியில மாட்டிட்டான். இங்க பாரு, பெருக்கல் குறி. அது அவங்க முத்திரை."

"போடா. இது நம்ம பசங்க கொண்டுவந்தது," என்றார் டுவேன். "கப்பல் ஏறும்போது தாழைக் கழட்டிப் பீப்பாயில போடச் சொன்னாங்க. இறங்கும்போது அவனவன் கைக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடினான். அந்தப் பெருக்கல் குறி எவனோ சிப்பாய் பொழுது போகாம கீறினது."

"தாழ் மாறினதுக்கு நீ சொல்றது சரி. கட்டை ஏன் மாறிச்சு? அதையும் பீப்பாய்ல போட்டானா?"

"கட்டை உளுத்துப் போயிருக்கும்."

"உங்கப்பா கொண்டுவந்தது உளுத்துப் போச்சா?"

"எங்கப்பா கடற்படை. மலேரியாவைத் தவிர ஒண்ணும் கொண்டுவரல."

வெர்ன் வாயைத் திறந்தார். அந்தப் பெருக்கல் குறி, வாங்கிவந்த அன்றே லாரியில் கிடந்த ஜாக்கி உரசி விழுந்த கீறல். ஆனால் இரண்டு அறிஞர்களும் அதன்மேல் அத்தனை பெரிய கட்டிடம் எழுப்பிவிட்டதால், இடிக்க மனம் வராமல் வாயை மூடிக்கொண்டார்.

"எண்ணெல்லாம் ஒத்துப்போகிற மாதிரி மாத்திப் பொறிக்கிறவங்களும் இருக்காங்களாமே?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் தட்டைக் கீழே வைத்தார்கள். "எண் மாறியிருக்கிறது துரதிர்ஷ்டம்," என்றார் கிளிஃப். "எண்ணை மாத்துறது கொலை. அப்படிப்பட்டவன் எங்க பக்கத்துல நின்னு காபி குடிக்கக் கூடாது."

"அது நிஜம்," என்றார் டுவேன். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை கிளிஃப், உறுப்புகளைக் கலந்தது யார் என்பதில், யூகோஸ்லாவியாவுக்குக் குடிபெயர்ந்தார். அதற்கடுத்த வாரம் டுவேன் நார்வே என்றார். ஆகஸ்டில் ரஷ்யா திரும்பி வந்தது, இம்முறை டுவேன் வாயிலிருந்து. ஆகவே கிளிஃப் ரஷ்யாவைக் கைவிட்டார். வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் உருளைக்கிழங்கையும் மாட்டிறைச்சியையும் தட்டில் அள்ளிப் போட்டபடி டார்லா விசாரித்தாள்.

"இன்னிக்கு எந்த நாடு?"

"செக்கோஸ்லோவாக்கியா. ஒருவேளை."

"அந்த நாடே இப்ப இல்லையே. பாவம், உன் துப்பாக்கி அகதி ஆயிடுச்சு."

செப்டம்பரில் வெர்ன், எரிவாயு கேட்காத வீட்டுக்கு நிரப்பிவிட்டு, கேட்ட வீட்டை அடுப்பெரியாமல் விட்டார். தூக்கத்தில் எண்களைச் சொன்னார். "அந்த எண்ணு மட்டும் ஒத்துப்போயிருந்தா எல்லாம் சரியாயிருக்கும், டார்லா," என்று ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து அழாக்குறையாகச் சொன்னார். கொலையைப் பற்றிக் கிளிஃப் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

டார்லாவுக்குப் படகு திரும்பி வர வேண்டும் என்பதில் ஐயமே கிடையாது. ஆனால் அதைவிட, புருஷன் தேறி வர வேண்டும். மேலும் அவள் பிறந்த குடும்பத்தில் கோணலாக இருப்பதை நிமிர்த்துவார்கள். கோணல் எந்த நாட்டுக் கோணல் என்று நான்கு மாதம் பேசமாட்டார்கள். கம்பெனி வெர்னைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பிய வாரம், அவள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, பௌலிங் கூடத்துக்குப் பக்கத்தில் வெற்றிக் கோப்பைகளுக்குப் பெயர் பொறிக்கும் ஒன்றுவிட்ட தம்பியிடம் போனாள். குழல் திருகியிருக்கும் இரும்பு உடம்பில் இருப்பதுதான் சட்டப்படி எண், அதைத் தொட்டால் ஜெயில் என்று அவன் சொன்னான். அதைத் தொடவில்லை. மற்ற எண்களையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த ஒரே எண்ணை எல்லா இடத்திலும் பொறித்தான். வாடிக்கையாளர் சொந்தக்காரி என்பதால், முதல் பரிசுக் கோப்பைகளுக்கு மட்டும் போடும் சுழித்த எழுத்தில், கூலி வாங்காமல்.

"பெட்டியைச் சந்தையிலதான் திறக்கணும்," என்று, துப்பாக்கியை நீளப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெர்னிடம் சொல்லிவைத்தாள். வெர்ன் மீதமிருந்த நாட்களில் ஒரே வரி தேடினார். கிடைக்கவில்லை. படகை வாங்கிப்போனவனைத் தேடிப் பிடித்து ஃபோன் போட்டு, விலைக்குத் திருப்பித் தர முடியுமா என்று விசாரித்தும் வைத்தார்.

சந்தை அன்று அவர் லாரியை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோது டார்லா பெட்டியோடு முன்னால் போய்விட்டாள். வெர்ன் உள்ளே நுழைந்தபோது சங்கத்து மேசையில் பெட்டி திறந்திருந்தது, சுற்றிலும் சாவு வீட்டுக் கூட்டம். கிளிஃப் பூதக்கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இந்த எண்ணுல மூணுக்கு வால் இருக்கு," என்றார் டுவேன் மெல்லிய குரலில்.

வெர்ன் எட்டிப் பார்த்தார். எல்லா எண்களும் ஒத்துப்போயிருந்தன. ஒரு கணம் அவருக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. மறுகணம் அவை புதிதாகப் பளபளப்பது தெரிந்தது. அதற்கடுத்த கணம் டார்லாவின் முகத்தைப் பார்த்தார். அவள் பிறந்தநாள் கேக்கைத் திறந்துவைத்தவள்போல நின்றுகொண்டிருந்தாள்.

"எவன் செஞ்ச கசாப்பு இது?" என்றார் கிளிஃப்.

"நான்தான்," என்றார் வெர்ன். வாழ்நாளில் அவர் யோசிக்காமல் சொன்ன முதல் பதில் அது.

டார்லா திரும்பினாள். "இவரா? ஒரு ஆணி அடிக்க மூணு வாரம் யோசிக்கிற மனுஷன். நான் செஞ்சேன். ஏன், நல்லா இல்லையா?"

"டார்லா, நீங்க ஒரு சரித்திரத்தைக் கொன்னுட்டீங்க."

"எந்த நாட்டுச் சரித்திரத்தை?"

"யூகோஸ்லாவியா," என்றார் கிளிஃப். "ரஷ்யா," என்றார் டுவேன், அதே நேரத்தில்.

"நாலு மாசமா இதேதான். சரி, இப்ப இது என்ன? அதையாவது சொல்லுங்க."

"இப்ப இது ஒண்ணுமே இல்ல," என்றார் கிளிஃப்.

"ஒண்ணுமே இல்ல," என்றார் டுவேன்.

வெர்ன் தன்னையறியாமல் விரல்விட்டு எண்ணினார். ஒரே வரி. இருவரும் ஒத்துக்கொண்ட வரி. இதன்படி துப்பாக்கி சுவருக்குப் போக வேண்டுமா, படகு வீட்டுக்கு வர வேண்டுமா என்பதுதான் அவருக்குத் தெளிவாகவில்லை. பேச்சுத் தவறாத மனிதர் என்பதால் பாதுகாப்பான பக்கத்தைப் பிடித்தார்.

"அப்ப வித்துடலாம், டார்லா. படகுக்காரன்கிட்ட பேசிட்டேன்."

"விக்கிறதா? யார்கிட்ட?" டார்லாவின் காது சிவந்தது. "இதைப் பார்த்து இளிக்கிறவங்ககிட்டயா? எங்க வீட்டுப் பொருளை ஒண்ணுமில்லன்னு சொல்றவன் அதைத் தொடக்கூட வேணாம். மூடு பெட்டியை."

"படகு?"

"மூடுன்னா மூடு."

துப்பாக்கி தொலைக்காட்சிக்கு மேலே ஏறியது. மாட்டியது டார்லா. வருகிறவர்களுக்கெல்லாம் எண்களைத் தொட்டுக் காட்டுவதும் அவள்தான். அது எந்த நாடு என்று கேட்டவர்களுக்கு, கேட்டவரின் முகத்தைப் பார்த்து ஒரு நாட்டைச் சொன்னாள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. வெர்ன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்துகொண்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். மீன்களெல்லாம் படகு போகிற ஆழத்தில் இருந்தன. வெர்னின் தூண்டிலில் பாசி சிக்கியது. டார்லாவின் தூண்டிலிலும் பாசி. அவர் வெகுநேரம் யோசித்தார்.

"டார்லா, அந்தப் பந்தயத்துல ஜெயிச்சது நானா, நீயா?"

"பேசாம இரு," என்றாள் அவள், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "மீன் ஓடிடும்."