பக்கீர் முகைதீனுக்குக் கிடைத்த ஏச்சு

பக்கீர் முகைதீனுக்கு என்ன வருத்தம் என்று சாய்ந்தமருதில் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஜின் என்றார் ஒருவர். வாயு என்றார் இன்னொருவர். கொழுப்பு என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. விஷயம் இவ்வளவுதான்: பக்கத்தில் யாராவது குரலை உயர்த்தினால் மனுசன் எழும்பி, சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டை விட்டுப் போய்விடுவார்.

சண்டை அவரோடுதான் நடக்க வேண்டும் என்றில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த தேங்காய் யாருடையது என்று அடுத்த வளவில் இரண்டு பேர் கத்தினாலும் போதும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனையைத் தாண்டி மருதமுனைக்குப் போய், தான் நெய்கிற தறிக்கொட்டிலில் நூல் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்வார். இரண்டு மூன்று நாள் கழித்து யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். வந்ததும், ஒன்றுமே நடக்காதது போல, மாமி சுகமா இருக்கிறாவா என்று விசாரிப்பார்.

மற்றபடி தங்கமான மனுசன். குடிக்கமாட்டார், கடன் வாங்கமாட்டார், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். திட்டவும் வழியில்லை, பாராட்டி முடிப்பதற்குள் ஆளைக் காணோம்.

இந்தத் தங்கத்தை உருக்கி வார்த்த பெருமை அவருடைய சொந்தக்காரர்களையே சேரும். இந்தக் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தவன் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். பக்கீரின் உம்மா மௌத்தானபோது அவருக்கு ஐந்து வயதிருக்கும். வாப்பா அச்சிமுகம்மது நாற்பதாம் நாள் கத்தத்தில் எல்லோரும் பார்க்கக் கண்ணைக் கசக்கினார். கசக்கிய கண் காய்வதற்குள் பாலமுனையில் புது மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். புது வீட்டில் பழைய பிள்ளைக்கு இடமில்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே வாப்பாவுக்கு வரவில்லை.

ஆகவே பிள்ளை மருதமுனையில் உம்மாவின் சகோதரிகளிடம் நின்றது. ஒரு மூத்தம்மா, இரண்டு சாச்சிமார். மூவரும் நல்லவர்கள்; ஊரே சொல்லும். அடித்ததில்லை, பட்டினி போட்டதும் இல்லை. எல்லோரும் தின்றபிறகு மிஞ்சியதைக் கொடுத்தார்கள், பெரும்பாலும் ஏதாவது மிஞ்சியது. அவர்கள் வீட்டில் புருசனுக்கும் பெண்சாதிக்கும் சண்டை வரும். எந்த வீட்டில்தான் வராது? மீன் ஆணத்தில் தொடங்கும், மச்சானின் தம்பியில் போய் நிற்கும். ஆனால் சமாதானம் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்தது. இரண்டு பேரும் களைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, கொஞ்சநேரம் குசுகுசுத்துவிட்டு, "மனே, நீ இப்ப சாச்சி வீட்ட போய் இரி, மறுகா பாப்பம்" என்பார்கள். வீட்டில் ஒரு வாய் குறைந்ததும் இருவருக்கும் அன்பு பொங்கும். பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போகும்.

பத்து வயதில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டதுமே தானாகப் பாயைச் சுருட்டினான். எவ்வளவு அறிவுள்ள பிள்ளை என்று மூன்று வீட்டிலும் புகழ்ந்தார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை யாராவது ஒருதரம் நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். புகழவே நேரம் சரியாக இருந்தது.

இந்தப் பக்கீர் முகைதீன்தான் ஐம்பத்தோராம் ஆண்டில் ஸுல்பிகாவைக் கலியாணம் முடித்து, அவளுடைய உம்மா சபியா உம்மாவின் வளவுக்கு வந்து சேர்ந்தார்.

சபியா உம்மாவின் வாய் கடற்கரை வரைக்கும் பேர்போனது. மீன்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே விலையைத் தாங்களாகவே குறைத்துக்கொள்வார்கள். ஆனால் மருமகன் விஷயத்தில் அவர் வேறு ஆள். தலையை மூடிக்கொண்டு கதவுக்குப் பின்னால்தான் நிற்பார். மூன்று முழத் தூரத்தில் இருக்கிறவரிடம் நேரே பேசாமல், மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமாமா என்று மகளிடம் கேட்பார். பூப்போட்ட நல்ல பீங்கானில், முதல் சோறு, பெரிய மீன்துண்டு, தனியாக. மருமகன் மரியாதை என்றால் அப்படி. மனதில் சேர்ந்த ஏச்சையெல்லாம் கோழிகளிடம் இறக்கி வைத்தார். அந்த வளவுக் கோழிகள் மூன்று வருசம் நிம்மதியாக ஒரு முட்டை இட்டதில்லை.

இவ்வளவு மரியாதைக்குப் பிறகும் மருமகன் போய்க்கொண்டேயிருந்தார். ஸுல்பிகா மீன்காரனோடு பேரம் பேசியதற்கு ஒருமுறை. கோழிகளுக்கு விழுந்த ஏச்சுக்குப் பலமுறை. அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருக்கும்போதும் ஒருமுறை போனார். அதோடு சபியா உம்மாவின் தம்பி சீனிமுகம்மது தலையிட்டார்.

சீனிமுகம்மது நெல் வியாபாரி. எந்தக் காரியத்துக்கும் ஆள் தெரிந்தவர். எந்தக் காரியமும் தெரியாதவர். இன்னும் ஒரேயொரு முறை இவன் படி இறங்கினால் காதியாரிடம் போய்க் கலியாணத்தையே முடித்துவிடுவது என்று தீர்ப்புச் சொன்னார். ஸுல்பிகாவுக்கு அந்த மனுசனைப் பிடித்திருந்தது. அது ஒன்றுதான் யாருடைய கணக்கிலும் வராமல் கிடந்தது. போகிற ஆளைப் பிடித்துவைக்க வழி தெரியாமல், மாமா சொன்ன வைத்தியத்துக்கெல்லாம் தலையாட்டினாள்.

முதலில் ஓதிப்பார்க்கிறவர் வந்தார். தண்ணீர் ஓதிக் கொடுத்து, கையில் கறுப்பு நூல் கட்டி, தறிக்கொட்டிலுக்குப் பின்னால் நிற்கிற புளியமரத்திலிருந்து ஒன்று கூடவே வருகிறது என்றார். வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது என்றார்.

அடுத்தது காரைதீவு, தங்கரத்தினம் பரிசாரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு நாடி பிடித்தார். எவ்வளவு நேரம் என்றால், பரிசாரி தூங்கிவிட்டாரோ என்று சீனிமுகம்மது இருமிப் பார்த்தார். வாயு தலைக்கேறியிருக்கிறது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, அன்னாசியைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது. காலையும் மாலையும் கசாயம். முக்கியமாக வீட்டில் அமைதி வேண்டும்.

மூன்றாவதாக ஒரு மருந்துச்சாலை. அங்கிருந்த அப்போதிக்கரி ஐயா கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதுவும் வயிற்றோட்டம் பற்றி. பதிலுக்குக் காத்திராமல் சிவப்புத் தண்ணி மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். குலுக்கிக் குடிக்க வேண்டும், சத்தமில்லாத இடத்தில் ஓய்வெடுக்க வேண்டும்.

இவர்கள் மூவரும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஒருவர் வைத்தியத்தை ஒருவர் காறித் துப்பியிருப்பார்கள். அமைதி என்ற ஒன்றில் மட்டும் அதிசயமாக ஒத்துப்போனார்கள். உனக்கு என்ன நடந்தது தம்பி என்று கேட்பது எந்த வைத்தியத்திலும் இல்லை போலும்.

வீடு மையித்து வீடு மாதிரி ஆனது. எல்லோரும் கால்விரலில் நடந்தார்கள். குசினியில் குசுகுசுவென்று பேசினார்கள். கோழிகளுக்குக்கூட விடுதலை கிடைத்தது. பக்கீர் கசாயத்தைக் குடித்து, சிவப்புத் தண்ணியைக் குலுக்கிக் குடித்து, நாளுக்கு நாள் மெலிந்தார். சோறு இறங்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸுல்பிகா முற்றத்தில் இருந்தபோது அவளருகே வந்து குந்தினார்.

"ஸுல்பிகா, நான் எப்ப போகணும் எண்டு முடிவெடுத்திரிக்கி?"

"எங்க போக?"

"எனக்குத் தெரியாதா? எல்லாரும் குசுகுசுத்தா மறுகா அதானே. மாமா வந்துதானே சொல்லப்போறாரு. நீ நாளச் சொல்லு, நான் நானாப் போயிடுவன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல."

ஸுல்பிகா அவருடைய கையைப் பிடித்தாள். யார் உங்களை அப்படிப் போகச் சொன்னது என்று கேட்டாள். மூன்று வருசத்தில் முதல்தடவையாக ஒருவர் கேட்ட கேள்வி. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூத்தம்மாவைச் சொன்னார், சாச்சிமாரைச் சொன்னார், பாயைச் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. நல்ல ஆட்கள், என்ன செய்வார்கள் பாவம் என்று அவர்களுக்காகவே பரிந்து பேசினார். அந்த வீடுகளில் பூப்போட்ட பீங்கான் விருந்தாளிக்குத்தான் வெளியே வரும் என்றும், விருந்தாளி மறுநாள் போய்விடுவார் என்றும் சொன்னார். இங்கே தனக்கு ஒவ்வொரு நேரமும் அந்த மாதிரிப் பீங்கானில் சோறு வருகிறது. ஒவ்வொரு நேரமும் இதுதான் கடைசிச் சோறு என்று நினைத்துத்தான் தின்கிறாராம்.

ஸுல்பிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே குசினிக்குப் போனாள்.

"உம்மா, அவர நீங்க ஏசணும்."

"அஸ்தஃபிருல்லா. மருமகன ஏசிறதா? ஊரு என்னத்தச் சொல்லும்?"

"மூணு வருசமா விருந்தாளிக்கு வைக்கிற போல வெச்சிரிக்கீங்க. விருந்தாளி எண்டா போகத்தானே செய்வான். என்ன ஏசிறீங்கதானே, நான் எங்கயாவது போறனா?"

சபியா உம்மா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். மகள் நடந்ததை எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்கக் கிழவிக்கு முகம் சிவந்தது. முதலில் மருதமுனைக்குப் போய் அந்த மூன்று நல்லவர்களையும் ஒரு கை பார்க்க வேண்டும் என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஏசலாம்தான். எத வெச்சி ஏசிறது? மனுசன் ஒரு பிழையும் செய்யிறாரில்லயே."

உண்மைதான். ஏச்சு மலைபோல் குவிந்து கிடந்தது, கொட்ட இடமில்லை. சபியா உம்மா நாட்கணக்கில் மருமகனைக் கண்ணால் தொடர்ந்தார். தண்ணீர் அள்ளி வைத்திருந்தார், விறகு கொத்தியிருந்தார், வேலி கட்டியிருந்தார். கடைசியில் அடுத்த வளவு ஆடுதான் கைகொடுத்தது. பக்கீர் சைக்கிளை உள்ளே எடுத்தவர் வேலிக் கடப்பை இழுத்துச் சாத்த மறந்துவிட்டார். அவித்துக் காயப்போட்ட நெல்லில் கால் பாயை ஆடு தின்று தீர்த்தது.

சபியா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். தலைச்சீலை நழுவியது; அதை யார் பார்த்தார்கள்? கண் எங்கே வைத்திருந்தாய் என்று தொடங்கினார். ஆட்டையும், ஆட்டின் சொந்தக்காரனையும், மூன்று வருசமாகச் சுவரில் ஈரத்துவாய் போடுவதையும், ஊதாமல் தேத்தண்ணி குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வதையும் ஒன்றுவிடாமல் எடுத்தார். தெருவில் போன மாட்டுவண்டி நின்றது.

பக்கீர் வெளுத்துப்போனார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். கடப்படிக்குப் போனார்.

"எங்க போறாய்? நான் ஏசி முடியல்ல," என்றார் சபியா உம்மா. "சோறு ஆறுது. வந்து திண்டு, மறுகா மிச்சத்தக் கேளு."

அவருடைய வாழ்க்கையில் ஏச்சுக்குப் பிறகு பாய் வந்திருக்கிறது, சைக்கிள் வந்திருக்கிறது, சோறு வந்ததில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி நடந்து, குசினிக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினார். வீட்டார் தின்கிற தகரக் கோப்பையில் சோறு வந்தது. ஏசிக்கொண்டே சபியா உம்மா மீன்தலையை அதில் போட்டார். ஏசிக்கொண்டே ஆணம் ஊற்றினார். பக்கீர் பிசைந்தார், தின்றார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அதற்கும் ஓர் ஏச்சு விழுந்தது, ஆணம் தண்ணியாகிவிடுமென்று.

அதற்குப் பிறகு மருந்து தினமும் கொடுக்கப்பட்டது. எடுத்தவுடன் குணமாகவில்லை. ஒருநாள் கல்முனைச் சந்தி வரைக்கும் போய்விட்டு, அங்கேயே கொஞ்சம் நின்று, தானாகத் திரும்பி வந்தார். இன்னொரு நாள் ஏச்சுக்கு நடுவே, அது நான் இல்லை மாமி, கோழி என்று மெதுவாகச் சொன்னார். ஸுல்பிகாவும் சபியா உம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கீர் முகைதீன் எதிர்த்துப் பேசிவிட்டார்.

இந்தச் சத்தமெல்லாம் சீனிமுகம்மதுவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? குடும்பம் குலைந்தது என்ற சந்தோசத்தில், பள்ளிவாசல் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்த நேரம் சபியா உம்மா சைக்கிள் சாத்தியதால் அழுக்கான துணியைப் பற்றிய ஏச்சின் நடுக்கட்டத்தில் இருந்தார். சீனிமுகம்மது கையை உயர்த்தினார்.

"போதும் ராத்தா. பக்கீரு, கரைச்சல் வேணாம். நீ இப்ப மருதமுனைக்குப் போ. புள்ளப்பேறு முடியட்டும், மறுகா பாப்பம்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். பக்கீருடைய கை கொடிக்குப் போனது. சட்டையைப் போட்டார். பொத்தானை மாறிப் பூட்டினார். ஸுல்பிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. போகாதே என்று அவள் சொல்லியிருந்தால் நின்றிருப்பார். ஆனால் அது அவளுடைய வார்த்தையாக இருந்திருக்கும்.

"நான் போகல்ல," என்றார் பக்கீர். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவருக்கே கேட்டிருக்குமோ தெரியாது. இரண்டாவது தடவை தெருவுக்கே கேட்டது. "நான் போகமாட்டன். இது என்ட வீடு. மாமி ஏசி முடியல்ல, நான் பதில் சொல்லியும் முடியல்ல. கரைச்சல் எண்டா நீங்க போங்க மாமா."

குரல் பத்து வயதுப் பையனுடையது போல உடைந்தது. உடைந்தால் என்ன, வந்துவிட்டது.

முதலில் சுதாரித்தது சபியா உம்மாதான். என் தம்பியை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று மருமகனுக்கு ஒரு பாட்டம் விட்டார். அப்படியே திரும்பி, நிறைமாசக்காரியின் புருசனைத் துரத்த உனக்கு யார் அதிகாரம் தந்தது என்று தம்பிக்கு இரண்டு பாட்டம் விட்டார். சீனிமுகம்மதுவும் பெரியவர்களும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்கள். போகிற வழியிலேயே, ஓதிக் கட்டின நூல் கொஞ்சம் பிந்தித்தான் வேலை செய்திருக்கிறது என்று சீனிமுகம்மது விளங்கப்படுத்தினாராம். தங்கரத்தினம் பரிசாரி கத்தரிக்காயை நிறுத்தியதுதான் காரணம் என்று இன்னும் நம்புகிறார். அப்போதிக்கரி ஐயாவுக்கு ஆள் யாரென்றே ஞாபகம் இல்லை.

பிள்ளை பிறந்தது, பெண் பிள்ளை. இந்தக் கரையில் பெண் பிறந்தால் வீடு கட்ட யோசிக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்றே, அந்த வீட்டை வளவில் எந்தப் பக்கம் போடுவது என்று பக்கீருக்கும் மாமிக்கும் தொடங்கியது. கிணற்றடிப் பக்கம் என்றார் சபியா உம்மா. கிணற்றடி ஈரம், கடற்காற்றுப் படுகிற கிழக்குப் பக்கம்தான் என்றார் பக்கீர். எழுந்து நின்று, கையை நீட்டி, அடித்தொண்டையிலிருந்து சொன்னார். அடுத்த வளவில் ஒருவர் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, அவர்கள் கதைக்கிறார்கள் என்று உள்ளே போனார்.