பெஞ்சைப் பார்த்தவர்

அந்தக் கால்பந்து கிளப்பில் அவரை எல்லோரும் 'வேண்டாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஊர் ஊராகப் போய் மற்ற அணிகளின் ஆட்டத்தைப் பார்த்து, யாரை எடுக்கலாம் என்று சொல்வது அவர் வேலை. பத்துப் பேரைப் பார்த்தால் ஒன்பது பேருக்கு அந்த ஒரே சொல்லை எழுதிக் கொடுப்பார். மிச்சம் இருந்த ஒற்றை ஆட்களை வைத்துத்தான் பதினோரு வருடம் அணி முதல் மூன்று இடத்தைவிட்டு இறங்கவில்லை.

இளவயதில் அவரும் கோல்கீப்பராக இருந்தவர்தான். ஒன்பது வருடத்தில் ஆடியது நாலே ஆட்டம், மற்றதெல்லாம் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சு. அதனாலோ என்னவோ, பந்து போகிற பக்கம் அவர் கண் போகாது. பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்த பத்தடி திரும்ப ஓடுகிறானா, பாதியில் வெளியே வந்தவன் உட்கார்ந்து என்ன செய்கிறான், அதைத்தான் பார்ப்பார்.

பன்னிரண்டாம் வருடம் கிளப்பை வாங்கிய புது முதலாளி, இந்த வெற்றியின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க வெளியிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். வழவழ தாளில் தடியாக ஓர் அறிக்கை வந்தது. மைதானத்துப் புல்லின் உயரம் இருந்தது; வீரர்கள் தூங்கும் நேரம் இருந்தது. அவர் பார்த்த ஆள் தேர்வு வேலையைப் பற்றி அரை வரி. அதைக்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பார். அடுத்த வாரமே ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்கிவிட்டார்கள் என்பதை டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் 'வேண்டாம்' எழுதிய ஆள்.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, கதவைத் தட்டாமல் முதலாளி அறைக்குள் போனார். கோச்சும் அங்கே இருந்தார்.

"என்னைக் கேட்டீங்களா சார்?"

"உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்கன்னு தெரியுமே."

"நான் பாத்த ஆட்டத்துல அவனை எழுபதாவது நிமிஷம் வெளிய எடுத்தாங்க. பதிலுக்குப் போனவன் கோல் போட்டான். மொத்த பெஞ்சும் எந்திரிச்சு நின்னுச்சு. இவன் மட்டும் குனிஞ்சு ஷூ கயிறை அவுத்துட்டிருந்தான்."

"அதனால என்ன? ஷூ கயிறு கோல் போடாது."

அவர் கோச்சைப் பார்த்தார். பதினோரு வருடமாக அவரோடு ஒரே காரில் வந்து போய், அவர் சொல் கேட்டே அணி கட்டிய மனிதர், மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதோடு அவருக்குக் 'கூப்பிடும்வரை விடுப்பு'. வீட்டில் கதவு, நாற்காலி, மிக்சி என்று எதைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். "அவங்க மேல உள்ள கோவத்தை என் மிக்சி மேல காட்டாதீங்க," என்றாள் மனைவி.

நட்சத்திரம் என்னவோ பத்தொன்பது கோல் போட்டான். ஆனால் அவன் திரும்ப ஓடாததைப் பார்த்து பக்கத்தில் ஆடிய இருவரும் ஓடுவதை நிறுத்தினார்கள். அவர்கள் விட்ட இடத்தையும் அடைக்க ஓடி ஓடிக் களைத்த கேப்டன், பாதி சீசனில் வேறு அணிக்குப் போனார். அணி ஆமை புகுந்த வீடு மாதிரி ஆனது. கடைசியில் எட்டாவது இடம். ஒவ்வொரு தோல்வியையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். தன் கணக்கு பலித்ததே என்ற சந்தோஷம் இம்மியும் வரவில்லை. அந்தப் பதினோரு பேரில் எட்டுப் பேர் அவர் பொறுக்கி எடுத்தவர்கள்.

சீசன் முடிந்த மறுநாள் கோச் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, முதலாளி உங்களைத் திரும்ப வரச் சொல்றாரு."

"அவரு ஆட்டம் தெரியாத மனுஷன். அவரு மேல எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல."

"வேலை போயிடுமோன்னு பயந்துட்டேன்ணே."

"பயம் எனக்கும்தான் இருந்துச்சு. நான் பேசலையா?"

கோச் நின்றுகொண்டே இருந்தார். மனைவி உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்; அவர் உட்காரச் சொல்லவில்லை.

"அதே அறையில, அதே ஆளு முன்னாடி, நான் சொன்னது சரின்னு நீ சொல்லணும். அப்புறம் வர்றேன்."

மறுவாரம் கோச் சொன்னார். அவரும் வேலைக்குத் திரும்பினார். முதல் மாதமே ஏழு பேரைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு பையனுக்கு மட்டும் 'சரி' எழுதினார். கோச்சிடம் அணியைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். ஆனால் பழையபடி அவரோடு ஒரே காரில் ஏறவே இல்லை.