கண் திறந்த படம்

அண்ணி வீட்டில் ஒரே ஒரு படம்தான் மாட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் தெரியும். என் அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மடிப்புக் கலையாத புதுச்சட்டை. கண்கள் நேராகப் பார்க்கும். அந்தச் சட்டையை அண்ணன் உயிரோடு போட்டதில்லை. அந்தக் கண்களும் அவருடையவை இல்லை.

எங்கள் ஊர் குண்டடத்துக்குப் பக்கம். தோட்டத்துக்காரர் முன்னால் எங்கள் ஆட்கள் நாற்காலியில் உட்கார முடியாது. அப்பா உட்கார்ந்ததில்லை. அவருடைய அப்பாவும் உட்கார்ந்ததில்லை. செத்த பிறகு உட்கார வைப்போம். குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் வைத்து, சாயாமல் இருக்க இடுப்பைத் துண்டால் கட்டுவோம். வாய் திறந்துகொள்ளாமல் தாடையையும் கட்டி, நெற்றியில் காசு ஒட்டுவோம். போட்டோக்காரர் வந்து எடுப்பார். ஒரு ஆளுக்கு ஒரு படம். அதற்கு முன்னால் படம் எடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சுவர்களில் இருக்கிற எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார்கள். சின்ன வயதில் அதை நான் வித்தியாசமாக நினைக்கவில்லை. பெரியவர்கள் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்.

திருப்பூர் வந்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. நான் பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை. அண்ணன் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில். ஒருநாள் கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது. ஒரு ஆளை இறக்கினார்கள். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க அண்ணன் இறங்கினார். இரண்டு பேரும் மேலே வரவில்லை. அண்ணிக்கு அப்போது ஐந்து மாதம். அண்ணன் உடலை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். புதுச்சட்டையை நான்தான் அயர்ன் செய்தேன். தையல் தெரியாமல் இருக்கக் கழுத்துப் பட்டனையும் போட்டுவிட்டேன்.

படத்தை வாங்க அண்ணியும் நானும் போனோம். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். காசை எடுத்துவிடலாம், தாடைக்கட்டை எடுத்துவிடலாம், பின்னால் பூந்தோட்டம் கூட வைக்கலாம் என்றார். அண்ணி பூந்தோட்டம் கேட்கவில்லை.

"கண்ணத் தொறந்து வெச்சுக் குடுங்க" என்றார்.

வேறு படம் இருந்தால் கொண்டுவாருங்கள், அதிலிருந்து கண்ணை எடுத்து வைக்கிறேன் என்றார் அவர். எங்களிடம் வேறு படம் இல்லை. கல்யாணம் கோயிலில் மாலை மாற்றியதோடு முடிந்தது. ஓட்டுக் கார்டுக்குப் படம் எடுக்க வந்த அன்றைக்கும் அண்ணன் ஷிப்டில் இருந்தார். கடைசியில் காசையும் தாடைக்கட்டையும் எடுத்துவிட்டு, தன்னிடம் இருந்த யாரோ ஒரு ஆளின் கண்ணைப் பொருத்திக் கொடுத்தார். அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு சரிங்க என்றார். திருத்தாமல் எடுத்தபடியே இருந்த படத்தை அவர் கையால் தொடவில்லை. அதை நான் வாங்கிப்போய் என் பெட்டியின் அடியில் வைத்தேன்.

மகள் பிறந்தாள். அண்ணி செக்கிங் வேலைக்குப் போனார். பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். அவர் பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வராது என்று சூப்பர்வைசர் சொல்வார். அண்ணி அதிகம் பேசமாட்டார். நானும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை போவேன். காப்பி கொடுப்பார். குடித்துவிட்டு வருவேன். மகளிடம் மட்டும் பேசுவார். பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவளைப் படத்துக்கு முன்னால் நிறுத்தித்தான் தலை வாரிவிடுவார். "உங்கப்பா பாக்கறாரு, நேரா நில்லு கண்ணு" என்பார். படம் எடுப்பதற்கென்றே அப்பா புதுச்சட்டை போட்டுப் பஸ் ஏறிப் போனார், போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், உங்கப்பா சிரிக்கமாட்டேன்னுட்டாரு என்று ஒரு கதையும் சொல்லி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதை எனக்கு முன்னால் நடந்தது. நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் வரை வந்து அண்ணி சொன்னார்.

"அவ பொறக்கறதுக்கு மின்னாடியே போயிட்டாருன்னு அவளுக்குத் தெரியுங்க தம்பி. தெனமும் அவளப் பாத்துட்டாவது இருக்கட்டுமுங்க."

நான் தலையாட்டினேன். அது வாக்குக் கொடுத்த மாதிரிதான்.

அவள் மூன்றாவது படிக்கும்போது சென்னையிலிருந்து ஒரு ஓவியர் எங்கள் காலனிக்கு வந்தார். நானும் நம்ம ஆளுதாங்க என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படங்களை வீடு வீடாகக் கேட்டார். உட்கார விடாமல் வைத்திருந்த நம் பெரியவர்களை ஒரு சுவர் முழுக்க உட்கார வைக்கப் போகிறேன், ஊரே வந்து நின்று பார்க்கட்டும் என்றார். அந்தப் பேச்சு எங்களைப் பிடித்துக்கொண்டது. எங்கள் செத்தவர்களைத் தேடி வெளியாள் யாரும் வந்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் அப்பா படத்தைத் துடைத்துக் கொடுத்தார். "சூதானமாக் கொண்டு போங்க. எங்கப்பன் உக்காந்தா லேசுல எந்திரிக்க மாட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கம்ப்யூட்டரில் திருத்திய படம் வேண்டாம், எடுத்தபடியே இருப்பதுதான் வேண்டும் என்றார் ஓவியர். சாயங்காலம் கிளம்பிவிடுவார். அண்ணி ஷிப்டில் இருந்தார். நான் பெட்டியைத் திறந்தேன். கேட்டுவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வரிசையில் அண்ணன் இல்லாமல் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது. அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் படமும் வைக்கறாங்க என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுவரில் இருக்கும் படத்துக்கு இன்னொரு காப்பி என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு வார்த்தை பேசுகிறவர்களாக இருந்திருந்தால் அன்றைக்கே நின்றிருக்கும்.

மூடிக்கிடந்த ஒரு நிட்டிங் குடோனில் கண்காட்சி. காலனியிலிருந்து வேனில் போனோம். அண்ணி பட்டு மாதிரி ஒரு சேலை கட்டியிருந்தார். மகளுக்குப் பொங்கலுக்கு எடுத்த பாவாடை. குடோன் சுவர் முழுக்க வெள்ளைப் பனியன் துணி. அதன்மேல் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய படங்கள், கீழே பெயரும் ஊரும். கோயம்புத்தூரிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள் பேசாமல் நின்று பார்த்தார்கள். நடுவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். உட்காருங்க என்று ஓவியர் எங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களில் யாரும் உட்காரவில்லை. பெண்கள் தங்கள் தங்கள் ஆட்களின் காலடியில் பூ வைத்தார்கள். ஒருத்தி சூடம் எடுத்தாள். "சூடம் மட்டும் வேண்டாங்கம்மா, துணி பத்திக்கும்" என்று ஓவியர் கெஞ்சினார்.

மகள் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனாள். தடுக்காமல் வாசிக்கப் பழகிய பிள்ளை, கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கும். ஒரு படத்தின் கீழே அண்ணன் பெயரை வாசித்தாள். எங்கள் ஊர்ப் பெயரை வாசித்தாள். நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் காசு, தாடையில் வெள்ளைக் கட்டு, மூடிய கண். அண்ணி வந்து அவள் பின்னால் நின்றார்.

"யாருங்கம்மா இது?"

அண்ணி அந்தப் படத்தைப் பார்த்தார். எட்டு வருசம் பார்க்காமல் இருந்தது, ஆளுயரத்துக்கு நின்றது.

"தெரியல கண்ணு. வா, போலாம்."

"அப்பா பேரு போட்டிருக்குதுங்க."

"அந்தப் பேருல எத்தனையோ பேரு இருப்பாங்க."

அவள் நகரவில்லை. கையை நீட்டிக் காட்டினாள். "அதே சட்டைங்கம்மா" என்றாள்.

தாயைப் போலவே பிள்ளைக்கும் எதுவும் தப்பாத கண். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஓடிப்போய் ஓவியரிடம் சொன்னேன். அவர் தானே ஏணி வைத்து ஏறிப் படத்தை இறக்கினார். அவர் மேல் குற்றம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் சுவர்ப் படத்துக்கு எதிரில் போய் நின்றாள். நான் வாசலில் நின்றிருந்தேன். அண்ணி அடுப்புப் பற்ற வைத்தார்.

"அப்ப இந்தக் கண்ணு யாருதுங்கம்மா?"

அண்ணி திரும்பவில்லை. தண்ணீர் கொதித்து வழிந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தலை வாரிக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அண்ணியே படத்தை இறக்கித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் காப்பி கொடுத்தார். ஒரே ஒரு தடவை சொன்னார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீங்க. அதனால உங்கள வையக்கூட முடியலீங்க தம்பி." டம்ளரைக் கழுவக் கொண்டுபோய்விட்டார்.

போன வருசம் அண்ணி இறந்தார். காலனியில் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மகள் இப்போது வேலைக்குப் போகிற பெண். வேண்டாம் என்றாள். "எங்கம்மாவ யாரும் கட்டி உக்கார வெக்க வேண்டாங்க." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் செல்போனில் அண்ணி நூறு விதமாக இருக்கிறார். சோறு ஆக்குகிறார், பஸ்ஸில் தூங்குகிறார், வாயைப் பொத்திச் சிரிக்கிறார்.

வருசத் திதிக்கு அம்மா படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்தாள். பக்கத்தில் அப்பா படம் வைக்கவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். ஓவியர் திருப்பிக் கொடுத்த படத்தை நான் கொண்டுபோனேன். பரணிலிருந்து மற்றதை அவள் இறக்கினாள். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சித்தப்பா, அப்பா கண்ணு நெசமா எப்பிடிங்க இருக்கும்?"

இருபது வருசத்துக்கு மேல் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான். நினைத்துப் பார்த்தேன். ஸ்டுடியோக்காரர் வைத்த கண்தான் வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மூடிய கண் வந்தது. அதற்கும் பின்னால் ஒன்றும் இல்லை.

"நெனப்பு வரல அம்மிணி" என்றேன்.

அவள் சரிங்க என்றாள். சுவரில் அம்மா படத்துக்கு ஒரு ஆணி மட்டும் அடித்தாள்.