ஏரிக்கரையில் தேகுவா

வங்கி வேலையாகச் சில ஆண்டுகள் பீகாரின் மதுபனி மாவட்டத்தில் இருந்தேன். நேபாளத்திலிருந்து இறங்கும் ஆறுகள் அங்கே மழைக்காலத்தில் வயல்களை மூழ்கடிக்கும். குளங்களில் மக்கானா என்னும் அல்லி வகை விதை விளையும். ஆனால் நிலமும் குளமும் வெகுகாலமாகச் சிலர் கையில்தான். மற்ற ஆண்கள் பிழைப்புக்கு ரயிலேறிவிடுவார்கள். அப்படி வந்த சிலர் இப்போது சென்னை சிட்லபாக்கத்தில், எங்கள் தெருவில், அடுக்குமாடி கட்டுகிறார்கள்.

அவர்களில் ஒருவன் அவர்கள் ஊர்ச் சூரிய விழாவான சாத்துக்கு நோன்பிருந்தான். ஒன்றரை நாள் தண்ணீரும் குடிக்காமல், காலையில் ஏரியில் நின்று சூரியனைக் கும்பிட்டுக் கரையேறினான். கரையில் நிற்பவர்களுக்கெல்லாம் பிரசாதம் தருவது அவர்கள் வழக்கம். வெல்லமும் கோதுமை மாவும் பிசைந்து பொரித்த தேகுவாவை ஒரு சிறுமியிடம் நீட்டினான்.

"புள்ள புடிக்கிறவன்டா!" என்று யாரோ கத்தினார்.

அந்த வாரம் எல்லோர் போனிலும் பிள்ளை கடத்தல் வதந்திதான். நடைப்பயிற்சியிலிருந்த நான் ஓடி வருவதற்குள் அவனுடைய முன்பற்கள் உடைந்திருந்தன. "பிரசாத், பிரசாத்" என்று கதறியவனின் மண்டையில் ஒருவர் ஹெல்மெட்டால் அடித்தார்.

"சாமி பிரசாதம் சார், அடிக்காதீங்க!" என்றேன். யாரும் கேட்கவில்லை. ரத்தம் தெறித்த கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

"ஐயோ, துப்புங்க சார்! மயக்க மருந்து!"

அடி நின்றது. நான் விழுவேனா என்று எல்லோரும் பார்த்தார்கள். மென்று விழுங்கிவிட்டு இன்னொன்றும் தின்றேன். நான் விழவில்லை என்றானதும் அவனை விட்டார்கள்.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா?" என்று ஹெல்மெட்காரர் அவன் விலாவில் உதைத்துவிட்டுப் போனார்.