காவேரியின் எண்ணுக்குப் போன மூன்று அபராதங்கள்

ரோட்டு வேகக் கேமராவில் மூன்று தடவை சிக்கியவனுக்கு இன்சூரன்ஸ் இரண்டு மடங்காகிவிடுமாம். அரூர் பஸ் கண்டக்டர் சொன்னதாக டீக்கடைக்காரர் சொன்னார். சித்தேரியில் பிக்கப் வண்டி ஓட்டும் மாதேஸ்வரன் அதைக் கேட்டுச் சிரித்தான். மலைப்பாதையில் வேகமாகப் போனால் வண்டி பள்ளத்தில்தான் கிடக்கும். அங்கே யார் கேமரா வைக்கப்போகிறார்கள்?

அந்தச் சிரிப்பு அரூரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கிருஷ்ணப்பனின் கடை வரைக்கும்தான் தாங்கியது. வண்டியின் இன்சூரன்ஸ் இன்றோடு முடிகிறது. நாளை விடிந்ததும் சாமை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டிய அவன் மச்சான், ஒரு விபத்துக்கு நஷ்டஈடாக நிலத்தையே விற்றுக் கொடுத்தவர். அதனால் மாதேஸ்வரன் ஒருநாள்கூட வண்டியை அப்படி எடுத்ததில்லை.

கிருஷ்ணப்பன் கம்ப்யூட்டரில் வண்டி எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏப்பா மாதேசு, வண்டி ஓட்டுறியா ஏரோப்ளேன் ஓட்டுறியா? அதியமான்கோட்டைகிட்ட மூணு தடவ போட்டோ புடிச்சிருக்கான்."

"என்னையவா? எப்பங்க?"

"ஏப்ரல்ல ரெண்டு, மே மாசம் ஒண்ணு."

பலாப்பழ சீசன். தருமபுரியில் பாதி லோடு இறக்கிவிட்டு மீதியைச் சேலத்துக்குக் கொண்டு போன நாட்கள். அந்த ரோட்டில் வண்டி தானாகவே வழுக்கிக்கொண்டு ஓடும். போர்டில் கார் படத்துக்கு ஒரு வேகம், லாரி படத்துக்கு ஒரு வேகம் போட்டிருந்தது. தன் வண்டி இரண்டில் எது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

"தப்புன்னா தப்புதாங்க. மொத தடவையே சொல்லியிருந்தா அடுத்த ரெண்டு தடவையும் ஆமையாட்டம் போயிருப்பேனே?"

"மெசேஜ் போயிருக்குதே."

"யாருக்கு?"

கிருஷ்ணப்பன் எண்ணைப் படித்தார். பக்கத்து வீட்டுக் காவேரியின் எண். வண்டி வாங்கியபோது அவர்கள் ஊரில் டவர் எடுத்தது அவள் வாசலில் மட்டும்தான். கேஸ், ரேஷன், பேங்க், வண்டி எல்லாவற்றுக்கும் ஊரே அவள் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தது. யாருக்கு எது வந்தாலும் தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொல்லிவிடுவாள். போன வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். எண்ணும் அவளோடு போனது.

"செரி, இன்சூரன்ஸு?"

"போன வருசத்த விட ஏறியிருக்குது."

"அந்தப் போட்டோவாலங்களா?"

"எல்லாருக்குந்தான் ஏறியிருக்குது. போட்டோவாலயும் ஏறும்ங்கறாங்க, இப்பைக்கு இல்லைங்கறாங்க. கம்ப்யூட்டரு தொகையத்தான் சொல்லுது, காரணமா சொல்லுது? அந்த நம்பருக்கு ஓடிபி போயிருக்கு, கேட்டுச் சொல்லு."

"என் நம்பருக்கு அனுப்புங்களேன்."

"நம்பர மாத்தலாம். ஆனா அதுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போவும்."

கிண்டல் செய்கிறாரோ என்று மாதேஸ்வரன் அவர் முகத்தைப் பார்த்தான். இல்லை.

ஏறியது தன் வேகத்துக்கா, ஊர் உலகத்துக்கே ஏறியதா? அபராதத்தைக் கட்டிவிட்டால் இறங்குமா? கட்டினால் மூன்றையும் ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

அவன் காவேரிக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. ஷிப்டில் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாள். எந்த நேரத்து ஷிப்ட் என்று அவன்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆறு மணிக்குச் சாத்தணும்பா," என்று கிருஷ்ணப்பன் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தார்.

"இதா, ரிங் போவுதுங்க," என்றான் மாதேஸ்வரன். அது போய்க்கொண்டே இருந்தது.